ஆறு மணிச் செய்தியில் மோகன்

நூம்பல்
மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சிவராமன் எழுதுவது. நானும் சுரேகாவும் நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மாமாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்ததாக சுரேகா சொன்னாள். கட்டு எப்போது பிரிப்பார்களாம்?

சுரேகாவின் எண்ணை நீ பிளாக் செய்யவில்லை. என் எண்ணை மட்டும் செய்திருக்கிறாய். போன வாரம் இரண்டு முறை பருத்திப்பட்டு வந்தேன். உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. நான் கூப்பிட்டதும் மிக்ஸி நின்றது. கதவு திறக்கவில்லை. "அவன் குரலே என் காதுல வுழக் கூடாது" என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கடிதத்தில் குரல் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

உன் பிள்ளை மோகன் நலமாக இருக்கிறான். அதுதான் பெரிது. எல்லையில் சண்டை நடந்த அந்த நான்கு நாட்களும் எங்கள் அலுவலகம் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். சுவரில் ஆறு டிவி வைத்திருக்கிறோம், மற்ற சேனல்களைப் பார்க்க. ஆறிலும் ஆறு விதமாக ஓடியது. ஒன்றில் வராத செய்தி இன்னொன்றில் வந்தால், "நம்மகிட்ட ஏன் இல்ல?" என்று மேலிருந்து போன் வரும். "ஆவடி பருத்திப்பட்டைச் சேர்ந்த ராணுவ வீரர் எல்லையில் வீரமரணம் அடைந்ததாக வட்டாரங்கள் தெரிவிக்கின்றன" என்பது அந்த நெருக்கடியில் எழுதப்பட்ட வரி. திரையில் ஒரு கேள்விக்குறியும் இருந்தது. நான் வாசித்தேன், அவ்வளவுதான்.

உங்கள் பகுதியில் எங்கள் சேனலைத் தேசத்துரோகச் சேனல் என்கிறார்களாம். அதே வாரத்தில் எங்களுக்கு வந்த போன்களில் பாதி, போரைத் தூண்டிவிடும் சேனல் என்று திட்டின. இரண்டு பக்கமும் திட்டினால் நாங்கள் நடுவில்தான் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
சிவராமன்


பருத்திப்பட்டு
ஜூன் 2

சிவராமனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அவர் கைக்கட்டை இருபதாம் தேதி பிரிப்பார்கள்.

இரண்டு பக்கமும் திட்டினால் நடுவில் நிற்பதாக அர்த்தம் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு வீட்டுக்காரர் வயிற்றிலும் அடித்திருக்கிறாய் என்றும் அர்த்தம் இருக்கலாம்.

உன் மாமா எப்படி விழுந்தார் என்று சுரேகாவிடம் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நீ வாசித்தாய். ஏழரைக்கு எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கார்த்திகேசன் வந்தார். "ஏரியா பையன்கா. நாம மரியாதை பண்லன்னா வேற யாரு பண்ணுவாங்க?" என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏரிக்கரை முனையில் பத்துக்கு எட்டு அளவில் ஃபிளக்ஸ் நின்றது. கண்ணீர் அஞ்சலி. மோகன் படம், நீலச் சட்டையில். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. கீழே வரிசையாகச் சங்கத்தார் படங்கள்.

உன் மாமாவுக்கு நீ சொன்னதில் நம்பிக்கை இல்லை. "ஒண்ணு ஆச்சுன்னா யூனிட்லேர்ந்து ஆள் வரும். டிவிலேர்ந்து வராது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காலையில் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் பட்டாளத்து ஆபீசர் யாரையாவது விசாரிக்கலாம் என்று கிளம்பினார். முனை திரும்பியதும் பிள்ளை முகம் எதிரே நின்றது. அங்கேயே வண்டியோடு சாய்ந்தார்.

மதியம் ஒரு மணிக்கு மோகன் போன் செய்தான். "யம்மா, இன்னாத்துக்கு அழுவுற? நான் நல்லாதான் கீறேன். போனெல்லாம் வாங்கி வச்சிட்டாங்க, அதான்" என்றான். நீ சொன்ன நேரத்திலிருந்து பத்தொன்பது மணி நேரம்.

உங்கள் சேனல் அதற்குப் பிறகு என்ன சொன்னது? நான் பார்த்தவரை ஒன்றும் இல்லை. அந்த வரி மட்டும் காணாமல் போனது. ஒரு பிள்ளையைக் கொல்ல ஒரு வரி போதும், திருப்பிக் கொண்டுவர ஒரு வரி கிடையாதா? எந்த நேரத்தில் சொன்னாயோ அதே நேரத்தில், எந்தக் குரலில் சொன்னாயோ அதே குரலில், தவறு என்று சொல். அதுவரை உன் குரல் எனக்கு வேண்டாம்.

தாட்சாயிணி


நூம்பல்
ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இதை எழுதியே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் நீ எங்கள் நலம் கேட்கவில்லை. கவனித்தேன்.

ஃபிளக்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது. கடிதத்தைப் படித்துவிட்டு சுரேகா அன்று சமைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் செய்தி ஆசிரியர் ராஜசேகரனிடம் பேசினேன். "ஒரு மாசம் ஆச்சு சிவா, இன்னாத்துக்கு இப்ப கிளறணும்? அன்னிக்கு எல்லாருந்தான் தப்பா போட்டாங்க. நாம மட்டும் மன்னிப்பு கேட்டா நாம மட்டுந்தான் பொய் சொன்ன மாதிரி ஆவும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் பயமும் பொய்யில்லை. மன்னிப்புக் கேட்ட சேனலின் படத்தை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் சுற்றுவார்கள். கேட்காதவர்களை யாரும் சுற்றுவதில்லை. இன்னும் பேசிப் பார்க்கிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? அந்த நீலச் சட்டைப் படம் திருவேற்காடு கோயிலில் நான் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தது. உன் பீரோவில்தான் இருந்தது. கார்த்திகேசனுக்கு எப்படிக் கிடைத்தது?

மாமாவுக்கு என் வணக்கம்.

சிவராமன்


பருத்திப்பட்டு
ஜூன் 30

சிவராமனுக்கு,

இங்கு நலம். கட்டுப் பிரித்துவிட்டார்கள். விரல்களை மடக்க ரப்பர் பந்து கொடுத்திருக்கிறார்கள். டிவி பார்த்துக்கொண்டே அமுக்குகிறார். விளம்பரம் வந்தால் நிறுத்திவிடுகிறார்.

நீ ஆறு டிவி வைத்துப் பார்த்ததாக எழுதினாய். நான் ஒன்றில் ஆறும் மாற்றிப் பார்த்தேன். அதில் ஒரு விஷயம் எனக்கே வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சண்டையின் இரண்டாம் நாள் ஒரு சேனலில், அந்தப் பக்கத்து ஊர் ஒன்றே தரைமட்டம் ஆனது என்று சொன்னார்கள். சைரன் சத்தம், தீ, புகை எல்லாம் காட்டினார்கள். நான் எழுந்துபோய் கேசரி கிண்டினேன். எட்டு வீட்டுக்குக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை. அந்த ஊரில் கடை திறந்து வியாபாரம் நடந்ததாம். அந்தச் சேனல்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அங்கேயும் ஒருத்தி டிவியைப் பார்த்துவிட்டுப் பத்தொன்பது மணி நேரம் உட்கார்ந்திருப்பாள் என்று மோகன் விஷயம் நடந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

இப்போது யார் செய்தி சொன்னாலும் "யார் சொன்னது?" என்று கேட்கிறேன். தண்ணீர் லாரி நாளைக்கு வராது என்று கார்த்திகேசன் சொன்னாலும் கேட்கிறேன். "இன்னாக்கா, போலீஸ் மாதிரி கேக்குற" என்கிறார்.

அதனால் உன்னையும் கேட்கிறேன். வட்டாரங்கள் என்றாயே, யார் அந்த வட்டாரம்? என் பிள்ளை செத்துவிட்டான் என்று உங்களுக்குச் சொன்ன ஆளுக்கு ஒரு பெயர் இருக்கும் இல்லையா? எனக்கு அந்தப் பெயர் வேண்டும்.

கழற்றி எறிந்த ஃபிளக்ஸை முனையில் பூ விற்கும் பூங்காவனம் எடுத்துத் தன் கடைக்குக் கூரையாகக் கட்டியிருக்கிறாள். நான் சண்டைக்குப் போனேன். "கோச்சிக்காதம்மா, நல்ல ஷீட்டு, ஒரு சொட்டு எறங்காது. புள்ள மூஞ்சிய உள்பக்கமாத்தான் திருப்பிக் கட்டிகினேன். தெனம் நான்தான் அவன பாத்துகினு கீறேன்" என்றாள். ஒரு முழம் மல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தாட்சாயிணி


நூம்பல்
ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். மாமாவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று படித்துச் சந்தோஷம்.

இங்கே எதிர்ப்புறம் காலியாக இருந்த மனைகளில் மூன்று வீடுகள் எழும்பிவிட்டன. நாள் முழுக்க மணல் லாரி. சுரேகா மொட்டை மாடியில் துணி காயப்போடுவதை விட்டுவிட்டாள். மழைக்கு முன் நம் பழைய கிணற்றைத் தூர்வாரலாமா என்று யோசிக்கிறேன். மோகனுக்கு லீவு எப்போது? தீபாவளிக்கு வருவானா?

நீ கேட்ட பெயரைப் பற்றி. செய்தி கொடுத்தவர் யார் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இருபத்தாறு வருஷமாக நான் அதை மீறியதில்லை. நீ புரிந்துகொள்வாய்.

சிவராமன்


(தபால் அட்டை)
பருத்திப்பட்டு
ஜூலை 12

நலம். நான் கேட்காத கிணற்றைப் பற்றி எழுதியிருக்கிறாய். கேட்டதைப் பற்றி எழுதவில்லை. பெயர் இல்லாமல் இனிக் கடிதம் போட வேண்டாம்.

தா.


நூம்பல்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் சுரேகாவும் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்கப் பிரார்த்தனை.

உன் அட்டை வந்து ஐந்து வாரம் ஆகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நீ கேட்ட பெயரை இதில் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு பத்துக்கு நீ எனக்குப் போன் செய்தாய். நினைவிருக்கிறதா? பூந்தமல்லி லாவண்யா, எல்லையில் மோகனோடு ஒரே போஸ்டில் இருக்கும் பையனின் மனைவி, உனக்குச் சொன்னதாகச் சொன்னாய். "சிவா, புள்ளைங்க போஸ்ட்ல குண்டு வுழுந்துச்சாம். மூணு பேர் போயிட்டாங்கன்றாங்க. ரெண்டு நாளா மோகன் போன் எடுக்கல. நீ நியூஸ்லதான கீற, கேட்டுச் சொல்லுடா" என்றாய். எனக்குத் தெரிந்த இரண்டு அதிகாரிகளுக்கு அடித்தேன். இருவரும் எடுக்கவில்லை.

ஐந்து இருபதுக்கு ஆசிரியர் அறையில் கூட்டம். "நம்ம ஊர்க்காரங்க யாராச்சும் அங்க கீறாங்களா?" என்று ராஜசேகரன் கேட்டார். என் அக்கா பையன் இருக்கிறான், மூன்று பேர் போய்விட்டதாகச் சொல்கிறார்கள், அவனிடமிருந்து தகவல் இல்லை என்றேன். "யாரு சொன்னது?" என்றார். "வீட்ல சொன்னாங்க" என்றேன். "வீட்டுக்காரங்களே சொன்னப்புறம் இன்னா? வட்டாரங்கள்னு போடுங்க" என்றார்.

"உறுதியாகவில்லை சார்" என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருப்பார். நான் சொல்லவில்லை. காரணத்தை இதுவரை சுரேகாவிடமும் சொன்னதில்லை. ஒரு தாய் போன் செய்தாலும் தாய்மாமன் போன் செய்தாலும் அன்றைக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். செய்தியாக வந்தால் அரைமணியில் மறுப்போ உறுதியோ வந்துவிடும், இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மறுப்பு வரும், மோகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அதற்காகத்தான் வாசித்தேன். வாசித்துவிட்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுப்பு வரவில்லை. அதற்குள் உங்கள் முனையில் ஃபிளக்ஸ் வந்துவிட்டது.

லாவண்யாவையும் பிறகு கேட்டேன். அவளுக்கு வாட்ஸப்பில் யாரோ அனுப்பினார்களாம். அனுப்பியவர் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆக, அக்கா, அந்த வட்டாரம் நீதான். உன் பயத்தை உன்னிடமிருந்து வாங்கி, தடுமாறாமல் வாசித்து, உன்னிடமே திருப்பிக் கொடுத்தேன். முதல் கடிதத்தில் 'நான் வாசித்தேன், அவ்வளவுதான்' என்று எழுதினேன். அது இரண்டாவது பொய்.

பதில் போடாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

சிவராமன்


பருத்திப்பட்டு
செப்டம்பர் 7

மச்சான் சிவராமனுக்கு,

மாமா பரந்தாமன் எழுதுவது. நலம். உங்கள் நலம் அறிய ஆவல். சுரேகாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. உன் அக்கா அதை அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறாள். அரிசி எடுக்கும்போதெல்லாம் கடிதத்தையும் எடுக்கிறாள். வேளைக்குச் சாப்பிடுகிறாள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அவளுக்கும் உனக்கு எழுத ஒரு விஷயம் இருக்கிறது. எழுத வரவில்லை. என்னிடமும் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். அவளே எழுதட்டும். கொஞ்சம் பொறு.

இன்னொன்று. ஒரு மாதத்துக்கு மேலாக உங்கள் சேனலில் ஆறு மணிச் செய்தியை வேறு யாரோ வாசிக்கிறார். காலை ஏழு மணிக்குக் கோயம்பேடு காய்கறி விலை வாசிப்பவர் உன்னைப்போல் இருக்கிறார். இதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. நேற்று அதை வைத்தேன். உன் அக்கா வந்து சேனலை மாற்றுவாள் என்று ரிமோட்டை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். அடுப்பங்கரையிலிருந்து சத்தம் வந்தது: "அவரக்கா இன்னா வெலையாம்?"

அன்புடன்
பரந்தாமன்


பருத்திப்பட்டு
செப்டம்பர் 22

அன்புள்ள சிவாவுக்கு,

நானும் அவரும் நலம்.

நீலச் சட்டைப் படம் கார்த்திகேசனுக்கு எப்படிக் கிடைத்தது என்று ஜூன் மாதம் கேட்டிருந்தாய். நான்தான் கொடுத்தேன்.

நான்கு பத்துக்கு உன்னிடம் கேட்டுச் சொல் என்றேன். ஆறு மணிக்கு டிவியில் நீ சொன்னாய். அது செய்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை, சிவா. நான் கேட்டதற்கு நீ விசாரித்துப் பதில் சொல்கிறாய், என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் டிவியில் சொல்கிறாய் என்று நினைத்தேன். வேறு எந்தக் குரலில் வந்திருந்தாலும் யூனிட்டிலிருந்து ஆள் வரட்டும் என்று உன் மாமாவைப்போல் நானும் உட்கார்ந்திருப்பேன். கார்த்திகேசன் வந்து படம் கேட்டபோது உன் மாமா வீட்டில் இல்லை. பீரோவைத் திறந்தேன். பட்டாள உடுப்பில் ஒரு படம் இருந்தது, அதை எடுக்கவில்லை. நீலச் சட்டையில் சிரித்துக்கொண்டிருக்கிறான் என்று அதை எடுத்தேன். நல்ல படமாக இருக்கட்டும் என்று பார்த்து எடுத்தேன்.

உயிரோடு இருக்கும் பிள்ளையின் படத்தை நான் என் கையால் அதற்குக் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் அவர் விழுந்தார். இதைச் சொல்லாமல் உன்னை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று அவரிடம் சொன்னேன். "தெரியும், பீரோ சாவி உன் இடுப்புலதான் கீது" என்றார். பந்தை அமுக்கிக்கொண்டே சொன்னார்.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. பாதி என்மேல் வந்துவிட்டதால் உனக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் நான் கேட்டதை விட முடியாது. இப்போது அது எனக்காக மட்டும் இல்லை. தன் கணவன் நலமாக இருக்கிறான் என்று தெரிந்த பிறகும் லாவண்யா ஒரு மாசம் டிவி பக்கமே போகவில்லை. மோகன் தீபாவளிக்கு வருகிறான். அவன் செத்ததைச் சொன்ன டிவி, அவன் இருப்பதையும் ஒரு முறை சொல்ல வேண்டும்.

இத்துடன் ஒரு துண்டு ஃபிளக்ஸ் வைத்திருக்கிறேன். பூங்காவனம் கூரையின் ஓரத்திலிருந்து வெட்டிக் கொடுத்தாள். கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்தும் தேதியும் இருக்கின்றன. உங்கள் ஆசிரியரிடம் காட்டு.

அக்கா
தாட்சாயிணி


நூம்பல்
அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அனைவர் நலமும் அறிய ஆவல்.

மாமா எழுதியது உண்மை. ஜூலை கடைசியில், பெயர் தெரியாத வட்டாரத்தை இனி வாசிக்க மாட்டேன் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். "அப்ப இன்னாத்த வாசிப்பீங்க?" என்றார்கள். பெயர் தெரிந்ததை வாசிப்பேன் என்றேன். காய்கறிக்குப் பெயர் தெரியும் என்று அங்கே அனுப்பிவிட்டார்கள். உண்மையில் எனக்கு அது பிடித்திருக்கிறது. விலை தவறினால் பத்து நிமிஷத்தில் மார்க்கெட்டிலிருந்து போன் வருகிறது. "சின்ன வெங்காயத்துக்கு இன்னா வெல சொல்ற நீ?" என்று திட்டுகிறார்கள். மறுநாள் திருத்தி வாசிக்கிறேன். அதில் யாருக்கும் மானம் போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் துண்டை ராஜசேகரன் மேசைமேல் வைத்தேன். முதலில் ஏதோ விளம்பரம் என்று நினைத்தார். தேதியைப் பார்த்தார். நாங்கள் வாசித்ததற்கு மறுநாள்.

"இந்தப் பையன்...?"

"தீபாவளிக்கு லீவுல வரான் சார்."

நீண்ட நேரம் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம பேச்ச நம்பி காசு போட்டு அடிச்சிருக்காங்களே, சிவா" என்றார். பிறகு, "எழுதிக்கினு வாங்க. நாப்பது செகண்டுக்கு மேல போவக் கூடாது" என்றார். நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். அவர் ஒரு சொல்லை மட்டும் அடித்தார். 'வருந்த நேர்ந்தது' என்று இருந்ததை 'வருந்துகிறோம்' என்று மாற்றினார். அது என் சொல்லைவிட நல்ல சொல்.

அக்டோபர் 18, சனிக்கிழமை, ஆறு மணிச் செய்தியில் வரும். நான்தான் வாசிக்கிறேன். இறந்தவர் பற்றிய எந்தச் செய்தியும் குடும்பத்துக்கு அதிகாரபூர்வமாகத் தெரிவித்த பிறகே வர வேண்டும் என்று அவரே கைப்பட எழுதி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். எத்தனை நாள் ஒட்டியிருக்கும் என்று தெரியாது. இன்று வரை இருக்கிறது.

படம் விஷயம். நீ என் குரலை நம்பிக் கொடுத்தாய். அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுத மாட்டேன். நீயும் இனி எழுத வேண்டாம்.

சிவா


பருத்திப்பட்டு
அக்டோபர் 22

அன்புள்ள தம்பி சிவாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். மூவர் என்று எழுதி எத்தனை நாளாயிற்று! மோகன் பதினேழாம் தேதி காலை வந்தான். கறுத்திருக்கிறான், இளைக்கவில்லை.

சனிக்கிழமை ஐந்தரைக்கே வீடு நிறைந்துவிட்டது. கார்த்திகேசன், பூந்தமல்லியிலிருந்து லாவண்யா, கூடையோடு பூங்காவனம். மோகன் தரையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். உன் மாமா பந்தை ஓரமாக வைத்துவிட்டார். நான் அடுப்பங்கரையில் நின்றேன். உட்கார முடியவில்லை.

நீ வாசித்ததை மோகன் போனில் பதிவு செய்தான். நான் அதைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். அரிசி டின்னில் வைக்க வேண்டும். சரியா என்று பார்:

"கடந்த மே மாதம், ஆவடி பருத்திப்பட்டைச் சேர்ந்த ராணுவ வீரர் எல்லையில் வீரமரணம் அடைந்ததாக இதே நேரத்தில் செய்தி வெளியிட்டோம். அது தவறு. அந்த வீரர் நலமாக இருக்கிறார். வட்டாரங்கள் என்று நாங்கள் குறிப்பிட்டது, மகனைப் பற்றித் தகவல் தெரியாத ஒரு தாயின் தொலைபேசி அழைப்பை. அவர் எங்களுக்குச் செய்தி தரவில்லை. எங்களிடம் கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியைச் செய்தியாக்கியது நாங்கள். அந்தக் குடும்பத்துக்கும் நேயர்களுக்கும் ஏற்பட்ட வேதனைக்கு வருந்துகிறோம்."

உன் மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு மோகன், "யம்மா, நான் நலமா கீறேனாம். நியூஸ்ல சொல்ட்டாங்க" என்றான். லாவண்யா சிரித்துக்கொண்டே அழுதாள். கார்த்திகேசன் எழுந்து நின்று, "தம்பி, அந்த ஃபிளக்ஸ்க்கு நானும் ஸாரி சொல்லிக்கிறேன். வேணும்னா வரவேற்பு ஃபிளக்ஸ் ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

ஞாயிற்றுக்கிழமை மோகன் பூங்காவனம் கடைக்குப் போய்க் குனிந்து உள்ளே பார்த்திருக்கிறான். கூரையிலிருந்து நீலச் சட்டையில் அவனே சிரித்தானாம். "இன்னா ஆயா, நான் ஊர்ல இல்லாத நேரத்துல கடைய நான்தான் பாத்துக்கறேனா?" என்று கேட்டிருக்கிறான். புதுக் கூரை வாங்கித் தருகிறேன் என்றதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மழைக்காலம் முடியட்டும், அவன் முகத்துக்குக் கீழே உட்கார்ந்து பழகிவிட்டது என்கிறாள்.

இந்தக் கடிதம் பத்து கிலோமீட்டர் வர நான்கு நாள் எடுக்கும். உன் எண்ணை இன்று காலையே திறந்துவிட்டேன். ஆனால் நீ இதைப் படித்த பிறகுதான் பேச வேண்டும் என்று மோகன் கைபேசியை வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன். அவன் முந்திரிக்கொட்டை, முன்னாலேயே உனக்குச் சொல்லிவிடுவான்.

ஐந்து மாசமாக ஒன்றைக் கேட்காமல் வைத்திருந்தேன். நீ கவனித்தாய் என்றும் எழுதினாய். இப்போது கேட்கிறேன்.

சிவா, நீ நலமா? சுரேகா நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இதற்குப் பதில் எழுதாதே. போன் செய்து சொல்.

உன் அக்கா
தாட்சாயிணி